புரட்டிப் போடும் கை

என் கட்டிலின் தலைமாட்டில் ஒரு தேய்ந்த துடைப்பம், ஒற்றைச் செருப்பு, துருவேறிய அரிவாள் மூன்றும் பல மாதங்கள் கிடந்தன. வைத்தவள் என் நாத்தனார், என் கணவரின் தங்கை. இறந்துபோன தன் அண்ணன் இரவில் என் பக்கத்தில் வரக்கூடாது என்பதற்காகச் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறிக் கடலூருக்கு வந்து, ஒரு வெள்ளிக்கிழமை அவற்றை வைத்துவிட்டுப் போனாள். துடைப்பமும் அரிவாளும் அவள் கொண்டு வந்தவை. செருப்பு மட்டும் என்னுடையது. ஜோடியில் மற்றொன்றை நான் எங்கே போட்டுக்கொள்வது என்று கேட்டதற்கு, "புதுசு வாங்கிக்குங்க அண்ணி, இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றாள்.

அவள் ஊருக்குத் திரும்பிய அன்றிலிருந்து நான் ஒரு வேலை செய்தேன். படுக்கப் போகும்போது மூன்றையும் காலால் தள்ளி அறைக்கு வெளியே விட்டுவிடுவேன். காலையில் வேலைக்காரம்மா பெருக்க வருவதற்குள் எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிடுவேன். எனக்கு அவர் வரவேண்டும். அவ்வளவுதான் விஷயம். வருகிறவரை இரும்பையும் துடைப்பத்தையும் காட்டி விரட்ட எனக்கு மனசில்லை.

வருகிறார் என்று நான் சொல்வது உருவத்தை அல்ல. முகம் தெரியாது, குரல் கேட்காது. தூக்கத்தில் என் நெஞ்சின் மேல் யாரோ நெல் மூட்டையை இறக்கி வைத்ததுபோல் ஆகும். மூச்சை இழுப்பேன், வராது. கத்த வேண்டும் என்று தோன்றும், தொண்டை திறக்காது. அப்போது ஒரு கை என் வலது தோளைப் பிடித்து, இடுப்பில் மற்றொரு கையைக் கொடுத்து, என்னை இடப்பக்கமாகப் புரட்டிப் போடும். மூச்சு வந்துவிடும். கண்ணைத் திறந்தால், அவர் படுத்திருந்த பக்கத்தைப் பார்த்தபடி ஒருக்களித்துக் கிடப்பேன். அங்கே தலையணை மட்டும் இருக்கும்.

முதல் தடவை நடந்தபோது நான் பயப்படவில்லை. சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கல்யாணமான புதிதில்கூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் இருந்ததில்லை.

அவர் கடலூரிலேயே மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கோர்ட்டுக்கு வருகிறவர்கள்தான் வாடிக்கை. ஒரு மெஷின், ஒரு மேஜை, நீல ஒயர் பின்னிய நாற்காலி ஒன்று, இவ்வளவுதான் கடை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவருக்குக் கண் சொருகிவிடும். மெஷினுக்குள் வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்த் திரும்புவதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடுவார் என்று வக்கீல் குமாஸ்தாக்கள் கேலி செய்வார்கள். "மாமா, கொஞ்சம் முழிச்சிக்குங்க, உள்ள எங்க கேஸக் கூப்பிட்டுடப் போறாங்க" என்று உலுக்குவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே எழுந்து பேப்பரை வாங்குவார்.

கடையில் மட்டுமா தூங்கினார்? எங்கள் சொந்தத்தில் எடுத்த எந்தக் கல்யாண வீடியோவைப் போட்டாலும் முன்வரிசையில் அவர் தலை தொங்கிக்கொண்டிருக்கும். ஸ்ரீமுஷ்ணம் கோயிலில் கூட்டமான ஒரு நாள் வரிசையில் நின்றுகொண்டே தூணில் சாய்ந்து தூங்கிவிட்டார். பெருமாள் எதிரே வந்து நின்றதும் நான்தான் முழங்கையால் இடித்தேன். எங்கள் மகள் ஒன்றாம் வகுப்பில் ‘என் குடும்பம்’ என்று படம் வரைந்தபோது அம்மாவுக்குக் கண் வட்டமாக இருந்தது, தனக்கும் வட்டமாகப் போட்டாள், அப்பாவுக்கு மட்டும் இரண்டு கோடு. டீச்சர் அதைப் பார்த்து அப்பாவுக்குப் பார்வை இல்லையா என்று என்னிடம் இரக்கத்தோடு விசாரித்தார். அதைச் சொல்லிச் சொல்லி வருஷக்கணக்கில் சிரித்திருக்கிறோம். வீட்டில் அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பேர். அவர் பிறந்தது பெண்ணாடத்தில். சர்க்கரை ஆலையின் சங்கு ஊதும்போதே தூங்கி வளர்ந்தவன், எனக்கு எந்த இடமும் மெத்தைதான் என்பார்.

நான் அதற்கு நேர் எதிர் என்று நம்பிக்கொண்டிருந்தேன். படுத்தால் கட்டை. காலையில்தான் கண் திறக்கும். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. ஆனால் எழுந்திருக்கும்போது தலை கனக்கும், நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். சிதம்பரத்தில் ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் எனக்கு வேலை. தினமும் போய்வரும் பஸ் அலைச்சல்தான் காரணம் என்று நினைத்தேன். பிறகு வயசு என்று நினைத்தேன். எந்தக் காலையிலும் எனக்கு முன்னால் அவர் விழித்திருப்பார். சில நாள் படுக்கையிலேயே உட்கார்ந்திருப்பார். பகலெல்லாம் கடையில் தூங்கினால் ராத்திரி எப்படித் தூக்கம் வரும் என்று திட்டுவேன். "அதுவும் சரிதான்" என்று ஒத்துக்கொள்வார்.

இன்னொரு பழக்கம் இருந்தது அவருக்கு. படுத்ததும் ஒரு கையை என் வயிற்றின் மேல் வைத்துக்கொள்வார். கத்திரி வெயிலில், கரண்ட் இல்லாத இரவுகளில் அந்தக் கை எனக்கு எரிச்சலாக இருக்கும். "கைய எடுங்க, வேர்க்குது" என்று தள்ளுவேன். எடுத்துக்கொள்வார். நான் அயர்ந்ததும் மறுபடி வைப்பார் போலிருக்கிறது. காலையில் கை அங்கேதான் இருக்கும்.

அவர் இறந்ததும் அந்த நாற்காலியில்தான். கோர்ட்டில் சாப்பாட்டு நேரம். ஒரு குமாஸ்தா பேப்பரோடு வந்து பார்த்திருக்கிறார். பக்கத்தில் நின்றவரிடம், "தூங்கட்டும், எழுப்பாதீங்க, பாவம்" என்று சொல்லிவிட்டுத் தானே மெஷினைப் போட்டு நகல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அடுத்து வந்தவரும் அப்படியே. டீக்கடைக்காரர் மேஜையில் டீயை வைத்துவிட்டுப் போய், பிறகு வந்து ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். சாயந்திரம் பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரை இறக்கும்போது, மாமா இன்னும் எழுந்திருக்கவில்லையே என்று தோளைத் தொட்டிருக்கிறார். மாரடைப்பு என்றார்கள். மதியமே போய்விட்டார் என்றார்கள்.

வேறு யாராக இருந்தாலும் நாற்காலியில் அப்படிச் சாய்ந்து கிடந்தால் ஊரே கூடியிருக்கும். இவர் தூங்குமூஞ்சி என்பதால் எல்லோரும் சத்தம் போடாமல் நடந்தார்கள். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் ஒருத்தர் விடாமல் சொன்னார்கள், தூக்கத்திலேயே போய்விட்டார், கொடுத்துவைத்த மனுஷன் என்று. நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். வேறு எதைப் பிடித்துக்கொள்வது?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகுதான் நான் தனியாகப் படுத்தேன். அதிலிருந்துதான் மூச்சு முட்டலும் அந்தக் கையும். நாத்தனாரிடம் வாய் தவறிச் சொன்னேன். அவள் துடைப்பத்தோடு வந்தாள்.

கை, வீட்டோடு நிற்கவில்லை. பஸ்ஸிலும் வந்தது. வேலைக்குக் கிளம்பி முதுநகர் தாண்டுவதற்குள் எனக்குத் தலை சாய்ந்துவிடும். முன்பெல்லாம் இப்படியில்லை, ஆலப்பாக்கம் வரையாவது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவேன். இப்போது ஏறி உட்கார்ந்தால் போதும். ஆனால் வெள்ளாற்றுப் பாலம் தாண்டிச் சிதம்பரம் நெருங்கும்போது தோளில் ஒரு தொடுகை வரும். விழித்துப் பார்த்தால் பக்கத்து சீட் காலியாக இருக்கும். அல்லது பூக்கூடையோடு ஒரு அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்குவேன். உள்ளுக்குள் ஒரு நன்றி சொல்வேன். உயிரோடு இருந்தவரை நான் அவரை எழுப்பினேன், இப்போது அவர் என்னை எழுப்புகிறார், கணக்கு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் தொடுகை வரவில்லை. கண் விழித்தபோது பஸ் சிதம்பரத்தைத் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. "எங்கம்மா எறங்கணும்?" என்று கண்டக்டர் கேட்டார். ஆபீசுக்கு லேட் என்றோ, சீர்காழி போய்த் திரும்ப வேண்டும் என்றோ எனக்குத் தோன்றவில்லை. அவர் போய்விட்டாரோ என்றுதான் பயந்தேன். சீர்காழி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அன்று இரவு கை வந்தது. பிறகுதான் சமாதானமானேன்.

இதற்குள் பகல்கள் கெட்டுப்போய்விட்டன. போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் நாற்றம் வந்தும் எனக்கு உறைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து மூடினாள். சொன்ன வார்த்தை அடுத்த நிமிஷம் மறந்தது. யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள், அது இறங்கவில்லை, இன்னொரு மாத்திரை சேர்த்தார்கள். எல்லோரும் ஒரே காரணம் சொன்னார்கள். "புருசன் போன கவல, ஜாஸ்தியாயிட்டா ஒடம்பு இப்படித்தான் அடிச்சிப்போடும்." எனக்கும் அது பொருத்தமாகத்தான் இருந்தது.

இந்த நிலையில்தான் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். சென்னையில் வேலை, புகுந்த வீடும் அங்கேதான். ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடித்து, இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையலோடு அவளை அழைத்து வந்தோம். பிள்ளை பிறக்கும்வரை அந்த வளையல்களைக் கழற்றக் கூடாது. அவள் நடந்தால் வீடு முழுக்கச் சத்தம் கேட்கும். வெகு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு நல்ல சத்தம்.

என் கட்டிலிலேயே, அவள் அப்பாவின் இடத்தில் படுத்தாள். முதல் நாள் காலையில் நான் எழுந்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, நீ செத்துப்போயிட்டன்னு நெனச்சேன்."

"என்னாடி இது, காலங்காத்தால?"

"பெருசா கொறட்ட விடற. திடீர்னு நின்னுபோவுது. மூச்சே இல்ல. நானும் இப்ப வரும், இப்ப வரும்னு பாத்துகினே இருக்கேன். அப்புறம் தண்ணியில இருந்து மேல வர்ற மாதிரி ஒரு இழுப்பு இழுக்கற."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நானா? கொறட்டையா? உங்கப்பா விட்டிருப்பாரு, அது உன் காதுல நின்னிருக்கும்."

"அப்பா கொறட்டையே விட்டது இல்லம்மா" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். அவர் குறட்டை எப்படி இருக்கும் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. அத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்கு ஒருநாள்கூட அந்தச் சத்தம் கேட்டதில்லை.

அவளுடைய மாதப் பரிசோதனைக்குச் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். அடுத்த முறை போனபோது என்னையும் அங்கேயே ஒரு டாக்டரிடம் இழுத்துப் போனாள். விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பட்டை என்று ஒரு பெட்டியைக் கொடுத்து, வீட்டில் மாட்டிக்கொண்டு தூங்கி எழுந்து கொண்டுவரச் சொன்னார்கள். முடிவு வந்த அன்று நாத்தனாரும் கூட வந்திருந்தாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். தூக்கத்தில் என் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுக்குழலை அடைத்துக்கொள்கிறது என்றாள். ஒவ்வொரு தடவை அடைக்கும்போதும் மூளை என்னை உலுக்கி எழுப்புகிறது. எனக்கு எழுந்தது தெரியாது, ஆனால் இரவு முழுக்க எழுந்துகொண்டேதான் இருக்கிறேன். நான் ஒல்லி, குறட்டை குண்டானவர்களுக்குத்தானே வரும் என்றேன். தாடை சின்னதாக இருந்தாலும் வரும், மாதவிலக்கு நின்ற பிறகு இன்னும் அதிகமாகும், மல்லாந்து படுத்தால் மோசமாகும் என்றாள்.

"இது இன்னைக்கு நேத்து வந்த மாதிரி தெரியலம்மா. பல வருஷமா இருந்திருக்கும். உங்க வீட்டுக்காரர் எதுவும் சொன்னது இல்லையா?"

"அவர் போயிட்டாரு. இருந்தப்ப எதுவும் சொன்னதில்ல. அவரே தூங்குமூஞ்சி" என்றேன்.

நாத்தனார் என் பக்கத்தில் நெளிந்தாள். முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள். வெளியே வந்து மருந்து வாங்கும் இடத்தில் மூவரும் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோச்சிக்கக் கூடாது. அண்ணனுக்குத் தெரியும்."

"என்னா தெரியும்?"

"எனக்குக் கல்யாணமான புதுசுல கீரப்பாளையத்துல அப்ப நாங்க இருந்த வூட்டுக்கு வந்தாரு. சாப்ட்டுகினு இருக்கும்போதே கண்ணு சொருவுது. ஏன்ணே இப்படித் தூங்கி வழியறன்னு கேட்டேன். ‘அவளுக்கு ராத்திரியில மூச்சு நின்னு நின்னு வருது. புரட்டிப் போட்டா சரியாவுது. அதான், வயித்து மேல கைய வச்சிகினு முழிச்சிருப்பேன்’னாரு. ‘அவகிட்ட சொல்லிடாத. பொம்பளைக்குக் கொறட்டைன்னு தெரிஞ்சா கூனிக் குறுகிப்போயிடுவா. அப்புறம் ஒரு கல்யாணம் காட்சிக்குப் போனா நாலு பேரோட படுக்கக்கூட மாட்டா’ன்னாரு. எங்கிட்ட சத்தியம் வாங்கிகினாரு அண்ணி."

ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தெரிஞ்சும் ஏன் தொடப்பத்த வச்ச?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சதாலதான் வச்சேன்" என்று அழ ஆரம்பித்தாள். "இருந்த வரைக்கும் தூங்கல. செத்தும் ராத்திரி ராத்திரி உங்களப் புரட்டிப் போட வந்துகினு இருக்காரே. அவரு எப்பதான் கண்ண மூடறது?"

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னிடம் சொல்லியிருந்தால் ஒரு நாள் வெட்கப்பட்டிருப்பேன். இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். அவ்வளவுதானே? அதற்குப் பயந்து ஒரு ஆள் வாழ்நாள் முழுக்க முழித்திருப்பானா? குறட்டை என்பது நோயாகக்கூட இருக்கும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பெண்பிள்ளைக்கு அது மானக்கேடு என்பது மட்டும் எங்கள் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். நான் தூங்கிய தூக்கமெல்லாம் அவருடையது. ஊர் முழுக்க அவரைத் தூங்குமூஞ்சி என்று கூப்பிட்டபோது, அந்தப் பேரை வைத்தவளே நான்தான் என்றிருந்தும், ஒருநாள்கூட வாய் திறக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆத்திரத்தைக் காட்ட ஆள் இல்லை.

மெஷின் வீட்டுக்கு வந்தது. டிபன் டப்பா அளவு பெட்டி, அதிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்கில் வைத்து வாரால் இறுக்கும் மாஸ்க். அது காற்றை ஊதி ஊதித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்குமாம். கட்டிலின் தலைமாட்டில்தான் வைக்க இடமிருந்தது. நாத்தனார் துடைப்பத்தையும் அரிவாளையும் தன் கையாலேயே எடுத்து ஓரமாக வைத்தாள். "நான் வச்சதவிட இது பெரிய ஆயுதமா இருக்கே அண்ணி" என்றாள். மூவரும் சிரித்தோம்.

முதல் இரண்டு இரவும் மாஸ்க்கோடு மல்லுக்கு நின்றேன். மூன்றாவது இரவு எப்போது தூங்கினேன் என்றே தெரியவில்லை. கண் திறந்தபோது விடிந்து, காக்கை கத்திக்கொண்டிருந்தது. தலை கனக்கவில்லை. வாய் வறளவில்லை. கண்ணாடித் துண்டைத் துடைத்து வைத்ததுபோல் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. எத்தனை வருஷமாக நான் இந்த உலகத்தை அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன் என்று திகைத்துப்போனேன். பிறகுதான் கவனித்தேன். எப்படிப் படுத்தேனோ அப்படியே மல்லாந்து கிடந்தேன். யாரும் என்னைப் புரட்டவில்லை. யாரும் வரவில்லை.

இரும்பால் ஆகாததை இந்தப் பிளாஸ்டிக் செய்துவிட்டது. நல்ல தூக்கம் வேண்டும் என்றால் அவர் வரமாட்டார். அவர் வரவேண்டும் என்றால் எனக்கு மூச்சு முட்ட வேண்டும். டாக்டரிடம் கேட்டால் கையும் இல்லை ஒன்றுமில்லை, மூளைதான் உலுக்குகிறது என்பாள். என் மூளைக்கு என்னை இடப்பக்கமாகத்தான் புரட்ட வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் வேறு டாக்டருக்கு எழுதிக் கொடுப்பாள்.

அதன் பிறகு மகள் பார்க்க மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுப்பேன். அவள் தூங்கியதும் கழற்றிவிடுவேன். கை வந்தது. முன்னைவிட அடிக்கடி வந்தது, முன்னைவிடச் சூடாக இருந்தது. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே ஒன்றிரண்டு முறை கண்ணாடி கலகலக்கும் சத்தம் கேட்டது. கனவு என்று விட்டுவிட்டேன். காலையில் தலை பழையபடி கனத்தது. பரவாயில்லை என்று இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மார்க்கெட்டிலிருந்து திரும்பினேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. கூடத்தில், கடையிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த அந்த நீல ஒயர் நாற்காலியில் மகள் உட்கார்ந்திருந்தாள். தலை இடது தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பக்கத்து ஸ்டூலில் டீ ஏடு படிந்து ஆறிப்போயிருந்தது. கை இரண்டும் வயிற்றின் மேல் அசையாமல் கிடந்தன.

பையை எங்கே போட்டேனோ தெரியாது. பாய்ந்துபோய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி வாசலுக்கு வந்துவிட்டாள். மகளின் வளையல்கள் கலகலவென்று குலுங்கின. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குக் கை நின்றுபோனது.

மகள் கண்ணைத் திறந்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம். அவள் அப்பாவின் கண் அப்படியே.

"என்னம்மா? தூங்கிட்டேன். அவ்ளோதான்."

"ராத்திரி என்னைப் புரட்டிப் போடறது நீயா?"

தலையாட்டினாள். "நீ மாஸ்க்கக் கழட்டிடற. மூச்சு நின்னுபோவுது. நான் என்னா பண்றது? முழிச்சிகினுதான் இருக்கணும்."

"வயித்துல புள்ளைய வச்சிகினு இப்படிப் பண்ணுவியா? ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ அப்பாவுக்காகத்தான் கழட்டறன்னு தெரியும்மா. அத எப்படி வாயத் தொறந்து சொல்றது?"

நான் தரையில் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். மார்க்கெட் பையிலிருந்து தக்காளி உருண்டு சுவரோரம் போயிருந்தது. இந்த வீட்டில் ஒருத்தர் தூங்க இன்னொருத்தர் விழித்திருப்பதும், அதைச் சொல்லாமல் மறைப்பதும் ரத்தத்தில் ஓடுகிறது போலிருக்கிறது. அப்பன் செய்தான், பிள்ளை செய்கிறாள். இனி வரப்போகிற உயிரும் அவளோடு சேர்ந்து அவள் வயிற்றுக்குள் விழித்துக் கிடந்திருக்கிறது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, அவர் வருகிறார், வருகிறார் என்று நான் கொண்டாடிய இரவுகளில் இந்தப் பெண்ணின் கைதான் என்னைத் தூக்கிப் புரட்டியிருக்கிறது.

அன்று அவளை முதலில் படுக்க வைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படு, என்னைப் பார்க்காதே என்றேன். மாஸ்க்கை மாட்டி, வாரை அவள் கையாலேயே இழுத்துச் சரிபார்க்கச் சொன்னேன். விளக்கை அணைக்கும் முன் அவர் படத்தைப் பார்த்தேன். பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கிய படம். ஸ்டூடியோக்காரன் தூங்கவிடாமல் மிரட்டி எடுத்திருப்பான், இரண்டு கண்ணும் அகலமாகத் திறந்திருக்கும். நிறையச் சொல்ல நினைத்தேன். மாஸ்க்குக்குள்ளிருந்து பேச்சு வரவில்லை. போதுங்க என்று மட்டும் மனசுக்குள் சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் மாஸ்க்கைக் கழற்றவில்லை. சாயந்திரத்துக்குப் பிறகு டீ இல்லை. போனைக் கூடத்திலேயே வைத்துவிட்டு ஒரே நேரத்துக்குப் படுக்கிறேன். முதுகுக்கு ஒரு தலையணையை முட்டுக்கொடுத்து நானே ஒருக்களித்துக்கொள்கிறேன். ரத்த அழுத்தத்துக்குச் சேர்த்த இரண்டாவது மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டாள். பஸ்ஸில் இப்போது தூக்கம் வருவதில்லை. புதுச்சத்திரத்தில் யார் ஏறுகிறார்கள், வெள்ளாற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, எல்லாம் தெரிகிறது. சிதம்பரம் வந்ததும் நானாக எழுந்து இறங்குகிறேன். இறங்கும் முன் பக்கத்து சீட்டை ஒரு தடவை பார்ப்பேன். அந்தப் பழக்கத்தை விட முடியவில்லை.

பேத்தி பிறந்தாள். நல்ல குறட்டைக்காரி இல்லை என்று முதல் வாரமே உறுதி செய்துகொண்டோம். மகள் இரவில் பால் கொடுத்துவிட்டுக் குழந்தையை நம்பிக்கையோடு என் பக்கத்தில் விடுகிறாள். நாத்தனார் பார்க்க வந்தபோது குழந்தை என் மடியில் கிடந்தது. மகள் நாற்காலியில் இல்லை, கட்டிலில் நன்றாகக் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். நாத்தனார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தாள்.

"அண்ணன் இப்பல்லாம் வர்றாரா அண்ணி?"

"வர்றதில்ல" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை கூப்பினாள். "அப்பாடா. போய்ச் சேந்துட்டாரு."

"எங்கயும் போகல" என்றேன். "தூங்கறாரு. தூங்கட்டும், எழுப்பாத."